ஞாயிற்றின் சுழற்சி எங்கே போயிற்று?

தென்னாட்டில் வெயிலுக்கு ஒதுங்கி வாழ்ந்த நாம், இந்த வடபுலத்துக் காலனிக்கு வந்த பின் மார்கழி, தை மாதங்களில் வெயிலைத் தேடி நாற்காலியை நகர்த்தி நகர்த்தி அமர்கிறோம். அவ்வாறு மொட்டை மாடியில் அமர்ந்திருந்த ஒரு விடுமுறை நாளில், அண்டை வீட்டுச் சிறுவன் என்னிடம் வந்து, “மாமா, பூமியைப்போல் சூரியனும் தன்னைத்தானே சுற்றுகிறதா?” என்று வினவினான். சுற்றுகிறது, அதன் நடுப்பகுதி ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 25 நாட்கள் ஆகின்றன என்றேன். அவன் விடவில்லை. “வியாழன் பத்து மணி நேரத்துக்குள் சுற்றிவிடுகிறது என்று பாடத்தில் இருக்கிறதே, சூரியன் மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது?” என்றான்.

விடை சொல்லப் புகுந்தபோதுதான், அது ஒரு நொடியில் சொல்லி முடிக்கத்தக்க விடையன்று என்பது விளங்கிற்று. அறிஞர் பெருமக்களை நூறாண்டுகளுக்கு மேலாகத் திகைக்க வைத்த கேள்வி அது. ஒரு பெரும் கொள்கையை அது வீழ்த்தியது. பின்னர் அதே கொள்கை உயிர்பெற்று எழவும் அதுவே வழிகாட்டியது. அந்த வரலாற்றை நம் ஆண்டு மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

ஞாயிறும் கோள்களும் எவ்வாறு தோன்றின என்பதற்குப் புராணம் கடந்த விளக்கம் தேடியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட். 1755-இல் அவர் வெளியிட்ட நூலிலும், 1796-இல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் எழுதிய நூலிலும் அடிப்படைக் கருத்து ஏறத்தாழ ஒன்றே. பரந்து விரிந்து கிடந்த முகில் ஒன்று தன் ஈர்ப்பால் தானே சுருங்கிற்று. நடுவில் திரண்டது ஞாயிறாயிற்று. சுற்றிலும் எஞ்சியது கோள்களாயிற்று. கோள்கள் யாவும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தளத்தில் ஓடுவதற்கு இதனினும் எளிய விளக்கம் கிடைப்பது அரிது. கண்டவர் அனைவரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டனர்.

ஆயினும் ஓர் இடறல் இருந்தது. அலுவலகச் சுழல் நாற்காலியில் அமர்ந்து கைகளை விரித்தபடி சுற்றத் தொடங்கி, பின்னர்க் கைகளை மார்போடு சேர்த்துப் பாருங்கள். நாற்காலி விர்ரென்று விரைந்து சுழலும். (மேலதிகாரி இல்லாத வேளை பார்த்துச் செய்வது நலம்.) சுழலும் பொருள் சுருங்கினால் சுழற்சி விரைவாகும் என்பது இயற்கை விதி. பொருளின் நிறை, அதன் வேகம், நடுவிலிருந்து அது நிற்கும் தொலைவு ஆகிய மூன்றையும் பெருக்கி வருவதைக் கோண உந்தம் என்பர். அதை யாரேனும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டாலன்றி அது குறைவதில்லை. பெரும் முகில் சுருங்கி ஞாயிறானது உண்மையாயின், ஞாயிறு பம்பரமாகச் சுழல வேண்டும்.

நம் சங்கத்தில் கணக்குத் துறை சார்ந்த அன்பர்கள் பலர் உள்ளனர்; அவர்களுக்காக இதனைப் பேரேட்டு முறையில் சொல்கிறேன். ஞாயிற்றுக் குடும்பத்தின் மொத்த நிறையில் நூற்றுக்கு 99.86 பங்கு ஞாயிற்றிடமே இருக்கிறது. கோண உந்தத்திலோ, நூற்றுக்கு 98 பங்குக்கும் மேலாகக் கோள்களிடம் இருக்கிறது. வியாழன் ஒன்றே ஏறத்தாழ 60 பங்கை வைத்திருக்கிறது. சொத்து முழுவதும் தந்தையின் பெயரில், வரவு முழுவதும் மக்களின் கையில்! கோள்களிடம் உள்ளதை எல்லாம் மீண்டும் ஞாயிற்றிடமே சேர்த்தால், அது சில மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்ற வேண்டியிருக்கும். 1861-இல் பிரெஞ்சு அறிஞர் பாபினே இந்த இடறலைச் சுட்டிக் காட்டினார். அதன் பிறகு லாப்லாஸின் கொள்கை மெல்ல மெல்ல மதிப்பிழந்தது.

அதனிடத்தில் வந்தது ஒரு விபத்துக் கொள்கை. 1905-ஐ ஒட்டி அமெரிக்காவில் சேம்பர்லின், மோல்ட்டன் என்பாரும், பின்னர் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜீன்ஸும் இதனை வளர்த்தனர். வழிப்போக்கனாகிய மற்றொரு விண்மீன் ஞாயிற்றை நெருங்கிக் கடந்தபோது, அதன் ஈர்ப்பால் ஞாயிற்றிலிருந்து வாயு பிய்த்து இழுக்கப்பட்டுக் கோள்களாகத் திரண்டதாம். விண்மீன்கள் ஒன்றையொன்று நெருங்குவது மிக மிக அரிது. ஆதலின் கோள்கள் உடைய விண்மீனும் அரிதினும் அரிது. உயிர் வாழும் உலகம் இது ஒன்றேயாக இருத்தல் கூடும் என்று அக்காலத்தில் படித்தவர் பலர் நம்பினர். ஒரு கணக்குப் பிழையை ஒட்டி மனித இனம் தன்னைத் தனியனாக எண்ணிக்கொண்ட காலம் அது.

அந்தக் கொள்கையும் நெடுநாள் நிற்கவில்லை. வழிப்போக்க விண்மீனால் கோள்களுக்கு அவ்வளவு சுழற்சியை வழங்க இயலாது என்று 1935-இல் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் காட்டினார். ஞாயிற்றிலிருந்து பிய்ந்த கொதிவாயு திரளாது, சிதறியே போகும் என்று 1939-இல் லைமன் ஸ்பிட்சர் கணக்கிட்டார். இப்போது இரு கொள்கையும் இல்லை. முகிலுக்கே திரும்பலாம் என்றால், ஞாயிற்றின் சுழற்சியைத் தட்டிப் பறித்த கை எது என்று சொல்லியாக வேண்டும்.

அந்தக் கை, வாயுவின் வேறொரு நிலையில் மறைந்திருந்தது. திண்மம், நீர்மம், வாயு என்னும் மூன்றனுக்கு அப்பால் நான்காவது நிலை ஒன்று உண்டு என்று 1879-இலேயே வில்லியம் குரூக்ஸ் உரைத்தார். மிகுந்த வெப்பத்தாலோ கதிர்வீச்சாலோ வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று திரியும் நிலை அது. 1928-இல் அமெரிக்க அறிஞர் லாங்மியூர் அதற்குப் பிளாஸ்மா என்று பெயரிட்டார். மின்னலிலும், பட்டறையில் இரும்பைப் பற்றவைக்கும் மின்சுடரிலும் நாம் காண்பது அதுவே. சாதாரண வாயு மின்சாரத்தையோ காந்தத்தையோ பொருட்படுத்துவதில்லை. பிளாஸ்மா அப்படியன்று, மின்சாரம் அதனூடே பாயும், காந்தம் அதனைப் பிடித்து இழுக்கும்.

விண்மீன்களின் வாயு எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு பங்கு இந்நிலையை அடையும் என்பதை அளந்து சொன்னவர் நம் நாட்டவர். டாக்கா அருகே ஒரு சிற்றூரில் 1893-இல் பிறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த மேகநாத் சாஹா, 1920-இல் வெளியிட்ட சமன்பாடு அது. விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கும் திறவுகோலாக அதனை உலகம் போற்றிற்று. கோள்கள் பிறந்த முகிலின் உட்பகுதியில் பொட்டாசியம், சோடியம் போன்ற தனிமங்கள் எங்கே எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று கணக்கிடுவோர் இன்றும் அந்தச் சமன்பாட்டையே எடுத்தாள்கின்றனர். ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. முகில் முழுவதும் பிளாஸ்மாவாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோடி அணுக்களில் ஒன்றினும் குறைவாக எலக்ட்ரானை இழந்திருந்தாலும், காந்தம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அவை தம்மோடு மோதும் ஏனைய அணுக்களையும் இழுத்துச் செல்லும். சிறு உப்பு பெருங்குழம்பின் சுவையை மாற்றுவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றிடம் காந்தம் உண்டா? உண்டு என்று 1908-இல் மவுண்ட் வில்சன் ஆய்வுக்கூடத்தில் ஹேல் மெய்ப்பித்தார். ஞாயிற்றின் கரும்புள்ளிகள் வலிய காந்தக் களங்கள் என்று அவர் கண்டார். பிளாஸ்மாவும் காந்தமும் இருக்கின்றன. அவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். ஸ்வீடன் நாட்டு ஹானஸ் ஆல்வேன் அவர்.

ஆல்வேன் மின்பொறியியல் துறையில் பேராசிரியராய் இருந்தவர். வானியலார் நடுவே வெளியூர்க்காரர் போன்றவர். நன்கு மின்சாரம் கடத்தும் பிளாஸ்மாவில் காந்தக் கோடுகள் உறைந்து கிடக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. கற்கண்டுக் கட்டியினுள் நூல் அகப்பட்டுக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். நூலை இழுத்தால் கற்கண்டு வரும், கற்கண்டை நகர்த்தினால் நூல் வரும். அத்தகைய பிளாஸ்மாவில், இழுத்துக் கட்டிய தந்தியில் ஓடும் அதிர்வு போன்ற அலைகள் எழும் என்றும் 1942-இல் எழுதினார். பலர் நம்பவில்லை. 1948-இல் சிகாகோவில் அவர் உரையாற்றியபோது என்ரிக்கோ ஃபெர்மி கேட்டிருந்து, ஆம், அப்படித்தான் என்று தலையசைத்தார் என்றும், மறுநாள் முதல் அனைவரும் ஆம் என்றனர் என்றும் சொல்வர்.

ஞாயிற்றுக் குடும்பத்தின் தோற்றம் பற்றி ஆல்வேன் அதே 1942-இல் ஒரு நெடிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். இளம் ஞாயிற்றின் காந்தக் கோடுகள் சுற்றியுள்ள பிளாஸ்மாவைப் பற்றிக்கொண்டு, அதனைத் தம்மோடு சேர்த்துச் சுழற்றும். அவ்வாறு சுழற்றும்போது ஞாயிறு தன் சுழற்சியை அதற்கு வழங்கித் தான் தளரும் என்றார். நீண்ட கைகளால் பிறரைச் சுற்றி இழுப்பவன் தான் களைத்து நிற்பது போல் என்று கொள்ளலாம். கோள்கள் எந்தெந்தத் தொலைவில் அமைந்தன என்பதற்கு அவர் சொன்ன விளக்கத்தை வானியலார் ஏற்கவில்லை. என் எளிய அறிவுக்கும் அது பொருளுக்கு ஏற்பச் சட்டை தைக்காமல், சட்டைக்கு ஏற்பப் பொருளை வெட்டியது போலவே படுகிறது. ஆனால் ஞாயிற்றின் சுழற்சியை வாங்கிய கை காந்தத்தின் கை என்ற அந்த ஒரு கருத்து நிலைத்தது. 1960-இல் ஃபிரெட் ஹாய்ல் அதனை மேற்கொண்டு, ஞாயிறும் அதனைச் சுற்றிய வாயு வட்டும் காந்தத்தால் பிணைக்கப்பட்டிருந்தன என்று விரித்துரைத்தார். 1970-இல் ஆல்வேனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இனி வரலாற்றில் நம் தமிழ்க் குடும்பத்தவர் ஒருவர் இரு முறை நுழைகிறார். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தார். தந்தையார் அங்கே ரயில்வே கணக்குத் துறையில் உயர் பதவியில் இருந்தார். தாயார் சீதாலட்சுமி அம்மையார், இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். பணி மாற்றத்தின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்த குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர் எப்படி இருப்பார் என்பது நமக்குத் தெரியாததன்று.

முதல் நுழைவு ஆசிரியர் என்ற முறையில். வால்மீன்களின் வாயு வால் எப்போதும் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமே நீள்வதைக் கொண்டு, ஞாயிற்றிலிருந்து ஏதோ இடைவிடாது வீசுகிறது என்று 1951-இல் பியர்மன் உரைத்தார். அது ஞாயிற்றின் வெளிமண்டலப் பிளாஸ்மா, ஒலியினும் விரைவாகப் புறப்பட்டுப் பாயும் காற்று என்று 1958-இல் சிகாகோவின் யூஜின் பார்க்கர் கட்டுரை எழுதினார். அமெரிக்க வானியற்பியல் இதழின் ஆசிரியராய் அப்போது இருந்தவர் சந்திரசேகர். அவர் கருத்துக் கேட்ட இரு வல்லுநரும் கட்டுரையை மறுத்தனர். சந்திரசேகருக்கும் அக்கருத்துப் பிடித்ததில்லை. ஆயினும் கணக்கில் பிழை காட்ட எவராலும் இயலவில்லை என்பதால் அவர் அதனை வெளியிட்டார். 1962-இல் மாரினர்-2 விண்கலம் வெள்ளி நோக்கிச் சென்ற வழியெல்லாம் அந்தக் காற்று வீசக் கண்டது.

ஞாயிற்றுக் காற்று நொடிக்குப் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் வாரிச் செல்கிறது. கேட்க அச்சமாயிருப்பினும் ஞாயிற்றின் நிறைக்கு இது தூசு. இதே அளவில் 450 கோடி ஆண்டுகள் வீசினாலும் பதினாயிரத்தில் ஒரு பங்கே குறையும். ஆனால் சுழற்சியின் கணக்கு வேறு. புறப்படும் காற்றைக் காந்தக் கோடுகள் நெடுந்தொலைவு வரை விடாமல் பிடித்து, ஞாயிற்றோடு சேர்த்துச் சுழற்றிய பிறகே கைவிடுகின்றன. கவணில் கயிறு நீள நீளக் கல் மிகுதியாக வாங்கிச் செல்வது போல, அந்தச் சிறு காற்று பெரும் சுழற்சியைக் கொண்டு போய்விடுகிறது. 1962-இல் ஷாட்ஸ்மன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்தத் தடையை விளக்கினார். இதற்குச் சான்று வானிலேயே உண்டு. நம் பாட்டிமார் கைநீட்டிக் காட்டிய கார்த்திகை மீன்கள் பத்துக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வயதுடைய இளங்கூட்டம். உரோகிணியின் அருகே தென்படும் கூட்டத்துக்கு ஏறத்தாழ 60 கோடி. நம் ஞாயிற்றுக்கு 450 கோடிக்கு மேல். இவற்றுள் ஞாயிறு போன்ற விண்மீன்களை ஒப்பிட்டுப் பார்த்து, வயது ஏற ஏறச் சுழற்சி தளர்கிறது என்று 1972-இல் ஸ்குமானிச் காட்டினார். சிறுவனின் கேள்விக்குப் பாதி விடை இதுவே.

மறுபாதி, ஞாயிறு பிறந்த காலத்தைச் சார்ந்தது. முகில் தட்டையான வட்டாகிச் சுழன்றபோது, வட்டிலுள்ள வாயு தன் சுழற்சியை யாருக்கேனும் கொடுத்தாலன்றி உள்ளே விழுந்து ஞாயிறாக முடியாது. கோள்களைப்போல் சுற்றிக்கொண்டே இருக்கும். கொடுத்தது எப்படி? ஈண்டுதான் சந்திரசேகரின் இரண்டாம் நுழைவு. 1959-இல் ரஷ்யாவில் வெலிகோவும், 1960-இல் சந்திரசேகரும், இரு உருளைகளுக்கு இடையே சுழலும் மின்கடத்தும் நீர்மத்தைப் பற்றிக் கணக்கிட்டனர். மெலிந்த காந்தம் ஒன்று அதனூடே இருப்பினும், அமைதியாய் ஓட வேண்டிய ஓட்டம் குலைந்து கொந்தளிக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. சந்திரசேகர் 1961-இல் வெளியிட்ட பெருநூலிலும் அதனைச் சேர்த்தார். விண்மீனைச் சுற்றும் வட்டுக்கு அது பொருந்தும் என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரிதாக எவரும் எண்ணவில்லை. நூல் நிலையங்கள் தோறும் நின்ற ஒரு நூலின் பக்கத்தில் விடை எழுதிக் கிடக்க, அறிஞர் உலகம் அதே விடையைத் தேடிக்கொண்டிருந்தது. 1991-இல் அமெரிக்காவில் பால்பஸ், ஹாலி என்னும் இருவரே அதனை வட்டுக்குப் பொருத்திக் காட்டினர்.

அது நிகழும் விதத்தை ஓட்டப் பந்தயத்தால் விளக்கலாம். வட்டமான களத்தில் உள்வழியில் ஒருவனும் வெளிவழியில் ஒருவனும் ஓடுகின்றனர். இருவரையும் ரப்பர்க் கயிறு பிணைக்கிறது. உள்வழிக்காரன் விரைவாக முந்துவான். கயிறு இழுபட்டு அவனைப் பின்னுக்கு இழுக்கும். வெளிவழிக்காரனை முன்னுக்குத் தள்ளும். விண்வெளியில் பின்னுக்கு இழுபட்டவன் சுழற்சியை இழந்து மேலும் உள்ளே விழுவான். தள்ளப்பட்டவன் சுழற்சி பெற்று மேலும் வெளியே போவான். இடைவெளி பெருகக் கயிறு இன்னும் இறுகும். காந்தக் கோடுகளே அந்த ரப்பர்க் கயிறு. உள்ளே விழுந்தது ஞாயிறாயிற்று. சுழற்சியோடு வெளியே தங்கியதில் வியாழனும் நாமும் பிறந்தோம்.

வழக்கு இத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ணற்க. வட்டின் நடுத்தளம் குளிர்ந்தும் அடர்ந்தும் இருப்பதால், கதிர்கள் உட்புகாமல் அங்கே பிளாஸ்மா மிகவும் குறையும். ரப்பர்க் கயிறு அங்கே அறுந்துபோகும் என்று 1996-இல் காமி எடுத்துரைத்தார். ஆதலின் வட்டின் மேற்பரப்பிலிருந்து காந்தத்தின் வழியே எழும் காற்றுகளே சுழற்சியைப் பெரிதும் கொண்டு சென்றன என்று இப்போது பலர் கருதுகின்றனர். எந்த வழியாயினும், பிளாஸ்மாவும் காந்தமும் இன்றி வழக்கு நடப்பதில்லை.

அந்தப் பழங்காலத்துக் காந்தத்தை யார் கண்டார் என்று கேட்பார்க்கு, நம் நாட்டு மண்ணில் விழுந்த கல் ஒன்று விடை கூறியது. 1940-இல் மத்தியப் பிரதேசத்துச் செமர்கோனாவில் விண்கல் ஒன்று வீழ்ந்தது. ஒரு கிலோ எடைகூட இல்லை. அதனுள் கடுகினும் சிறிய உருண்டை மணிகள் உள்ளன. கோள்கள் உருவாகும் முன்னரே, வட்டில் மிதந்த தூசி உருகித் துளியாகி உறைந்தவை அவை. உறையும்போது, அவற்றுள் இருந்த இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத்தின் திசையையும் வலிமையையும் பதித்துக்கொண்டன. 2014-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் கூட்டாளிகளும் அம்மணிகளை ஒவ்வொன்றாக அளந்து, வட்டில் இருந்த காந்தம் இன்றைய பூமியின் காந்தத்தை ஒத்த வலிமை உடையது என்று கண்டனர். வாயுவை உள்நோக்கி விழச் செய்ய அவ்வளவு காந்தம் போதும். வேறு வகை விண்கற்களை ஆராய்ந்தோர், முதல் திண்பொருள்கள் தோன்றி 40 இலட்சம் ஆண்டுகளுக்குள் அந்தக் காந்தம் மறைந்துவிட்டது, அதாவது வாயு வட்டே கலைந்துவிட்டது என்று 2017-இல் அறிவித்தனர். பெருங்கோள்கள் வாயுவைத் திரட்டிக்கொள்ளக் கிடைத்த கால வாய்ப்பு அவ்வளவே.

ஆல்வேனும் சந்திரசேகரும் 1995-ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் மறைந்தனர். அதே ஆண்டில்தான் ஞாயிறு போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் பதிவாகியுள்ளன. வழிப்போக்க விண்மீனின் விபத்துக்கு அவ்வளவு பேரும் காத்திருக்க வழியில்லை.

யூஜின் பார்க்கர் 91 வயதில் தம் பெயர் தாங்கிய விண்கலம் ஏவப்படுவதை 2018 ஆகஸ்டில் நேரில் கண்டார். ஞாயிற்றின் காந்தம் தன் காற்றைக் கைவிடும் எல்லைக்கு ஆல்வேன் பரப்பு என்று பெயர். 2021 ஏப்ரல் 28 அன்று, ஞாயிற்றின் மேற்பரப்புக்கு 1 கோடியே 30 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் அக்கலம் அந்த எல்லையைக் கடந்து உள்ளே சென்றது. சில மணி நேரம் ஞாயிற்றின் பிடிக்குள் இருந்து, மீண்டும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பார்க்கர் காலமானார். அவ்வெல்லையில் வீசும் காற்று, சிறிது சுழற்சியை இன்றும் வாங்கிச் செல்கிறது.

அண்டை வீட்டுச் சிறுவனிடம் இவ்வளவையும் சொல்லி முடிக்குமுன் வெயில் மாடியின் மறுகோடிக்குப் போய்விட்டது. அவன் என் நாற்காலியையும் சேர்த்து அங்கே இழுத்துப் போட்டான்.